மச்சான் கையெழுத்து

2023 மார்ச் 9, வியாழக்கிழமை, பிற்பகல் 4.10 மணிக்கு, புக்கிட் செந்தோசாவில் வசிக்கும் கலாவதிக்குப் பல்கலைக்கழகத்தின் உயர்கல்விப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு இப்போதுள்ள நிலையில் தேர்வாளர்களுக்கு அனுப்பத் தகுதியற்றது என்றும், அக்டோபர் 31ஆம் தேதிக்குள் திருத்தி ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்தாகும் என்றும் அதில் எழுதியிருந்தது.

கலாவதிக்கு வயது நாற்பத்தொன்று. ரவாங்கில் ஒரு தனியார் கல்லூரியில் நிதியியல் கற்பிக்கிறார். ஆய்வைப் பகுதி நேரமாகத் தொடங்கி ஏழரை ஆண்டுகள் ஆகியிருந்தன. பகுதி நேர மாணவர்களுக்கு எட்டு ஆண்டுதான் வரம்பு. அதற்குமேல் நீட்டிப்புக் கிடையாது, பாதிப் பட்டம் என்று ஒன்றும் கிடையாது. பெயர் நீக்கப்பட்டால், சனி ஞாயிறுகளை விழுங்கிய ஏழரை ஆண்டும் போனது போனதுதான்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. ஒரு நிறுவனம் எவ்வளவு கடன் வாங்கும், ஏன்? இதற்குப் பாடநூல்கள் இரண்டு பதில்களை வைத்திருக்கின்றன. கடனுக்குக் கட்டும் வட்டி வரியைக் குறைக்கும், ஆனால் கடன் கூடக்கூடத் திவாலாகும் ஆபத்தும் கூடும். லாபமும் ஆபத்தும் சமமாகும் இடத்தில் நிறுவனம் நின்றுகொள்ளும் என்பது ஒன்று. முதலாளி முதலில் கைப்பணத்தைப் போடுவார், அது போதாதபோது கடன் வாங்குவார், வேறு வழியே இல்லாதபோதுதான் வெளியாருக்குப் பங்கு கொடுப்பார் என்பது மற்றொன்று. இரண்டும் பெரும்பாலும் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனங்களை வைத்துச் சோதிக்கப்பட்டவை. கலாவதி அவற்றை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி முதலாளிகளிடம் சோதித்துப் பார்க்க விரும்பினார்.

ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், வடக்கே சுங்கை பஞ்சாங் வரை தேடி, அறுபத்து நான்கு முதலாளிகளைப் பிடித்தார். ஏறக்குறைய எல்லாருமே தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்கள், அல்லது அப்படிப் பிறந்தவர்களின் பிள்ளைகள். ஓடுவது ஒரே மாதிரி லோரி. ஏற்றுவது ஒரே குலை. டன்னுக்குக் கிடைக்கும் வாடகையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனாலும் ஒருவர் வங்கிக் கடனில் ஐந்து லோரி வைத்திருந்தார். அவருக்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு காசு கடன் இல்லாமல் இருபது வருடப் பழைய லோரி ஒன்றை ஒட்டுப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். தஞ்சோங் காராங்கில் ஒருவரிடம் ஏழு லோரிகள் இருந்தன.

ஏன் இந்த வேறுபாடு என்பதற்கு இரண்டு பாடநூல் பதில்களும் உதவவில்லை. லாபம், சொத்து, வயது, தொழிலில் இருந்த ஆண்டுகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், கடனில் தெரிந்த ஏற்றத்தாழ்வில் நூற்றுக்கு நான்கு பங்குதான் விளங்கியது. மீதித் தொண்ணூற்றாறு பங்குக்குக் காரணம் தரவுப் பிழை என்று ஆய்வேட்டைப் பரிசீலித்த பல்கலைக்கழகக் குழு முடிவு செய்தது. குழுவில் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: “இவர்கள் உண்மையைச் சொல்லவில்லை.”

கலாவதியின் நெறியாளர் முனைவர் விமலாதேவி, கிள்ளானில் வளர்ந்த யாழ்ப்பாணத்து வழிவந்தவர். அன்று மாலையே தொலைபேசியில் அழைத்தார்.

“தரவு பிழை எண்டு சொல்லினம். பிழையோ?”

“இல்ல டாக்டர். ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் நானே போனேன். லோரி கிராண்டு, அந்தப் பதிவுப் பத்திரம் வரைக்கும் கையில வாங்கிப் பாத்தேன்.”

“அப்ப நீர் கேக்காமல் விட்ட ஏதோ ஒண்டு இருக்கு. அழுறதெண்டால் இண்டைக்கு அழும். நாளைக்கு அதைத் தேடும்.”

கலாவதி அன்று அழவில்லை. மறுநாள் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. மார்ச் மாதம் முழுவதும் கிடைக்கவில்லை.

அவருடைய கணவர் சத்தியசீலனும் லோரிக்காரர்தான். தன் வீட்டு ஆள் என்பதால் அந்த அறுபத்து நான்கு பேரில் அவரைக் கலாவதி சேர்க்கவில்லை. ஏப்ரலில் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தோட்டத்தில் குலை ஏற்றும் குத்தகை வந்தது. இரண்டு லோரி இருந்தால் தருவோம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள். சத்தியசீலனிடம் இருந்தது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவர் அந்த லோரியை வாசலில் நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தார். கலாவதி கார் நிறுத்துமிடத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்.

“கலா, திலீப் மச்சானுக்கு ஒரு போன் போடு.”

“எதுக்கு?”

“பேங்க்ல ஜாமீன் கையெழுத்துப் போட கேரன்டர் கேக்குறான். வேற எதுக்கு?”

“ஏன், செல்வா இல்லையா? உங்க சொந்தத் தம்பி. பக்கத்துத் தாமான் வீட்லதான இருக்கான்?”

சத்தியசீலன் குழாயை மூடிவிட்டுத் திரும்பினார்.

“நீ என்னா படிக்கிற? செல்வாவும் குலைதான ஏத்துறான்? மில்லு மூடுனா எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. என்னால கட்ட முடியாத மாசத்துல அவனால மட்டும் எப்படிக் கட்ட முடியும்? ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துக்க வேண்டியதுதான்லா. அது பேங்க்காரனுக்கே தெரியும்.”

“திலீப் அண்ணன்னா?”

“மச்சான் பாசிர் பெனம்பாங்ல மீன் யாவாரம். மீனுக்கும் குலைக்கும் என்னா சம்பந்தம்? இது படுத்தா அது நிக்கும். அதோட அவரு தங்கச்சி இந்த வீட்லதான் சோறு திங்கிறா. நான் லோன் டுயிட் கட்டாம விட்டா யாரு தெருவுக்கு வருவா? மாட்டேன்னு சொல்லச் சொல்லு பாப்போம்.”

கலாவதி அழைத்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் ஐஸ் பெட்டிகள் இறங்கும் சத்தம் கேட்டது.

“ஆரம்பிச்சிட்டானா?” என்றார் திலீப். “மொத லோரிக்குப் போட்ட கையே இன்னும் வலிக்குது.”

“யோசிச்சுச் சொல்லுண்ணே. அவசரம் இல்ல.”

“யோசிக்கிறதெல்லாம் உன் கல்யாணத்தன்னிக்கே யோசிச்சாச்சு. எந்த பேங்க், எத்தனை மணிக்கு வரணும், அத மட்டும் சொல்லு. சனிக்கிழமை வேண்டாம், எறா லோட் வருது.”

போனை வைத்துவிட்டுக் கலாவதி மடிக்கணினியில் தன் கேள்வித்தாளைத் திறந்தார். பதினேழாவது கேள்வி: உங்கள் தொழிலுக்குக் குடும்பத்தினர் எவரேனும் உதவுகிறார்களா? அதன் கீழே கட்டங்கள். தந்தை, சகோதரர், மனைவி, பிள்ளைகள், பிறர். குடும்ப நிறுவனங்களைப் பற்றிய ஒரு வெளிநாட்டுக் கேள்வித்தாளிலிருந்து அவர் மொழிபெயர்த்துக்கொண்ட பட்டியல் அது. ‘பிறர்’ என்ற கட்டத்தை அறுபத்து நான்கு பேருமே காலியாக விட்டிருந்தார்கள்.

“என்னங்க,” என்றார். “யாராவது வந்து, உங்க தொழிலுக்குக் குடும்பத்துல யாரு உதவி பண்றாங்கன்னு கேட்டா, திலீப் அண்ணன் பேரச் சொல்வீங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? அவரு என்னா உதவி பண்ணாரு?”

“ரெண்டு லோரிக்குக் கையெழுத்து!”

“அது உதவியா?” சத்தியசீலனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அது மச்சான்லா.”

கலாவதி அந்தக் கட்டங்களை மறுபடி படித்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் முதல் லோரிக்குத் தன் அண்ணன் கையெழுத்துப் போட்டபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். கேள்வித்தாள் தயாரித்தபோது அது நினைவுக்கே வரவில்லை. அதை ஒரு நிதி ஏற்பாடு என்று எண்ணிப் பார்க்க அவருக்கும் தோன்றியதில்லை.

புதிய கேள்வி கேட்பதற்குப் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அது ஜூலை கடைசியில்தான் வந்தது. அதற்குள் சத்தியசீலனின் இரண்டாவது லோரி ஓடத் தொடங்கியிருந்தது.

ஆகஸ்ட் 14ஆம் தேதி காலை ஈஜோக் பக்கம் ஒரு செம்பனை ஆலையின் முன் முப்பத்தொரு லோரிகள் வரிசையில் நின்றன. குலை அதிகம் வரும் பருவம். தீம்பாங்கில், அதாவது லோரியை ஏற்றி எடை பார்க்கும் மேடையில், ஒரு லோரி ஏறி இறங்கப் பத்து நிமிடம் ஆகும். வரிசையில் கடைசியாக நிற்பவருக்கு ஐந்து மணி நேரம் காத்திருப்பு. சிறு முதலாளிகள் தாங்களே ஓட்டி வருவார்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டால் சாப்பாட்டு நேரம், தூங்கும் நேரம் என்று நழுவுகிறவர்கள் இங்கே எங்கும் போக முடியாது. கலாவதி தொப்பி ஒன்றைப் போட்டுக்கொண்டு, வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்தார்.

ஏழாவது லோரியில் முருகையா உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தாறு. மூன்று லோரிக்குச் சொந்தக்காரர்.

“டீச்சர் மறுபடியுமா? போன தடவ கேட்டதுக்கே பாஸா பெயிலான்னு ஒண்ணும் சொல்லல.”

“பெயில்ணே. அதான் வந்தேன்.”

“நானா பெயிலு?”

“நான்தான்.”

முருகையாவுக்கு இது பிடித்துப்போனது. பக்கத்து இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு ஏறி உட்காரச் சொன்னார்.

“ஒரே ஒரு கேள்விண்ணே. உங்க வீட்டம்மாவோட கூடப் பொறந்த ஆம்பளைங்க எத்தனை பேரு?”

“மச்சானுங்களா? நாலு பேரு. எதுக்கு, கணக்கெடுப்பா?”

“ஆமா.”

“நாலுன்னு எழுதிக்குங்க. ஆனா மூணு பேருதான் மனுசன். நாலாவது பிளாக்லிஸ்ட். காரு ரெண்டு வாங்குனான், மோட்டார் சைக்கிளு ஒண்ணு வாங்குனான், ஒண்ணும் கட்டல. அவன் ஐசி கார்டு நம்பரத் தட்டுனா பேங்க் கம்பியூட்டரே சிரிக்கும்.”

“உங்க மூணு லோரிக்கும் யாரு கையெழுத்து?”

“மூணு மனுசன், மூணு லோரி. அவங்க வருமானத்துக்கு ஆளுக்கு ஒரு கையெழுத்துதான், அதுக்கு மேல பேங்க் விடாது. நாலாவதும் மனுசனா இருந்திருந்தா இந்நேரம் எனக்குப் பின்னால நாலாவது லோரி நின்னிருக்கும்.”

பின்னாலிருந்து ஹார்ன் சத்தம். “அண்ணே, லோரிய நகத்துங்க! மச்சான் கதையெல்லாம் தீம்பாங்ல வச்சுக்கலாம்!” என்று ஒருவர் கத்தினார்.

கலாவதி தாளில் ‘4’ என்று எழுதிக்கொண்டு இறங்கினார். முருகையா சொன்ன மற்றதை எழுதிக்கொள்ளவில்லை.

மேலும் மூன்று ஆலைகள், பதினெட்டு நாள். அறுபத்து நான்கு பேரும் பதில் சொல்லி முடித்தபோது நூற்று முப்பத்தொன்பது மச்சான்கள் சேர்ந்திருந்தார்கள். கணக்கில் அந்த ஓர் எண்ணிக்கையைச் சேர்த்ததும், நான்கு பங்கு விளங்கிய இடத்தில் நாற்பத்தொரு பங்கு விளங்கியது. மனைவிக்கு ஓர் உடன்பிறந்தவன் கூடுதலாக இருந்தால், நிறுவனத்தின் மதிப்பில் கடனின் பங்கு நூற்றுக்கு எட்டுப் புள்ளி உயர்ந்தது. சொந்த அண்ணன் தம்பிகளின் எண்ணிக்கைக்கு ஒரு விளைவும் இல்லை.

நிதியியல் ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தேடுகிற ஒன்று இதில் இருந்தது. லாபம் வருவதால் ஒருவர் கடன் வாங்குகிறாரா, கடன் வாங்கியதால் லாபம் வருகிறதா என்று பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். தொழிலோடு சம்பந்தமே இல்லாமல், வெளியிலிருந்து வந்து கடனை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஏதாவது வேண்டும். மச்சான்களின் எண்ணிக்கை அப்படிப்பட்டது. மாமியார் எத்தனை ஆண் பிள்ளை பெற்றார் என்பதைப் பார்த்து, எதிர்காலத்தில் லோரி வாங்க வசதியாக இருக்கும் என்று யாரும் திருமணம் செய்துகொள்வதில்லை.

அத்தியாயத்தைப் படித்த விமலாதேவி தன் அறையில் ஒரு நிமிடம் விடாமல் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நல்லாயிருக்கு. ஆனால் இதை அப்பிடியே அனுப்பினால் உம்மை உரிச்சுப் போடுவினம். மச்சான்மார் கையெழுத்து மட்டுமோ போடுறவை? லோரி ஓட்டுவினம், கைமாத்துக் காசு குடுப்பினம், லோட் பிடிச்சுத் தருவினம். அதால கூட முதலாளி வளரலாம். கையெழுத்தாலதான் எண்டு எப்பிடிச் சொல்லுவீர்?”

கலாவதி, பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தார். ஒப்படைக்க ஏழு வாரம் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வகுப்புக்குப் போகிற வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு முருகையாவை அழைத்தார்.

“அண்ணே, அந்த நாலாவது மச்சான், மனுசன் இல்லன்னு சொன்னீங்களே, அவரு இப்ப என்னா பண்றாரு?”

“அவனா? என் ரெண்டாவது லோரிய அவன்தான் ஓட்டுறான். சும்மா சொல்லக்கூடாது, நல்லா ஓட்டுவான். போன வருசம் டயரு மாத்த மூவாயிரம் வெள்ளி ரொக்கமாக் குடுத்தான். பேங்க்ல போட்டா புடிச்சிக்குவான்ல, அதனால கையிலயே வச்சிருப்பான். புது எஸ்டேட்டு ஒண்ணு கூட அவன்தான் பேசி முடிச்சான்.”

“கையெழுத்து?”

“அது ஒண்ணுதான் முடியாது.”

கலாவதிக்கு அதன்பின் அவர் பேசியது எதுவும் காதில் விழவில்லை. மச்சான்களில் இரண்டு வகை உண்டு. இரு வகையினரும் லோரி ஓட்டுகிறார்கள், பணம் தருகிறார்கள், வேலை பிடித்துத் தருகிறார்கள். ஒரு வகையினர் மட்டும் வங்கியில் கையெழுத்துப் போட முடியாது. உழைப்பாலும் ரொக்கத்தாலும்தான் முதலாளிகள் வளர்கிறார்கள் என்றால், இரண்டு வகைக்கும் ஒரே விளைவு தெரிய வேண்டும். கையெழுத்துதான் காரணம் என்றால் ஒரு வகைக்கு மட்டும் தெரிய வேண்டும். எந்த ஆய்வுக்கூடமும் ஏற்பாடு செய்து தர முடியாத சோதனையை வங்கிகளின் கருப்புப் பட்டியல் செய்து வைத்திருந்தது.

பெயர் கேட்கக்கூடாது, கையெழுத்துப் போட முடியாத மச்சான்களின் எண்ணிக்கை மட்டும் கேட்கலாம் என்று நெறிமுறைக் குழு நான்கே நாளில் அனுமதி தந்தது. வீட்டு மானம் என்று பலர் மறைப்பார்கள் என்று கலாவதி பயந்திருந்தார். நடந்தது வேறு. மச்சானைக் குறை சொல்லும் வாய்ப்பை ஒருவர்கூட விடவில்லை. இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய அழைப்பு இருபது நிமிடம் ஓடியது. ஜெராமில் ஒருவர், சொல்ல விட்டுப்போனது இருக்கிறது என்று திரும்ப அழைத்தார். இரண்டு வீடுகளில் மனைவிமார் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

“எங்க தம்பிய பிளாக்லிஸ்ட்டுன்னு சொன்னது யாரு? அது போன வருசமே கட்டி முடிச்சாச்சு! போட முடியும்ங்கிறதுல எழுதுங்க!” என்றார் ஒருவர். பக்கத்தில் கணவரின் குரல் கேட்டது: “அப்ப அவனக் கையெழுத்துப் போடச் சொல்லு, அஞ்சு டன் லோரி ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்.”

நூற்று முப்பத்தொன்பதில், கையெழுத்துப் போட முடிந்தவர் தொண்ணூற்றெட்டுப் பேர். முடியாதவர் நாற்பத்தொரு பேர்.

அக்டோபர் 7, சனிக்கிழமை காலை, கல்லூரியின் விரிவுரையாளர் அறையில் கலாவதி கணக்கை ஓடவிட்டார். கையெழுத்துப் போட முடிந்த ஒவ்வொரு மச்சானுக்கும் கடன் பங்கு பதினொரு புள்ளி உயர்ந்தது. முடியாதவர்களுக்கு வந்த எண் 0.3. பூஜ்யத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத எண். பிழை இருக்கும் என்று தரவை மறுபடி ஏற்றி ஓடவிட்டார். அதே எண். மூன்றாவது முறையும் அதே எண் வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார். அறையில் வேறு யாரும் இல்லை.

ஆய்வேடு அக்டோபர் 27ஆம் தேதி, கெடுவுக்கு நான்கு நாள் முன்னதாக, ஒப்படைக்கப்பட்டது.

வாய்மொழித் தேர்வு 2024 ஜனவரி 17ஆம் தேதி நடந்தது. வெளித் தேர்வாளர் பேராசிரியர் தனபாலன் பினாங்கிலிருந்து வந்திருந்தார். தன்னிடம் வரும் ஆய்வேடுகளில் பாதியைத் திருப்பி அனுப்புகிறவர் என்று பெயர் வாங்கியவர். கலாவதியின் பிரதியில் அவர் ஒட்டியிருந்த மஞ்சள் தாள்கள் கதவுக்குப் பக்கத்திலிருந்தே தெரிந்தன. விமலாதேவியும் அறையில் இருந்தார். ஆனால் நெறியாளர் பேசக்கூடாது என்பது விதி.

தேர்வு ஆங்கிலத்தில் நடந்தது. முப்பது ஆண்டுகளில் மச்சான் என்பதை ஒரு நிதியியல் மாறியாகத் தான் பார்த்ததில்லை என்று தனபாலன் தொடங்கினார். பாராட்டா கேலியா என்று குரலில் தெரியவில்லை. உழைப்பும் ரொக்கமும் காரணமாக இருக்கலாமே என்று கேட்டார். கலாவதி பத்தொன்பதாம் அட்டவணையைத் திறந்து, கையெழுத்துப் போட முடியாத நாற்பத்தொரு பேரைக் காட்டினார். அந்த நாற்பத்தொரு பேர் ஏழைக் குடும்பத்தினராக இருக்கலாமே என்று தனபாலன் கேட்டார். ஒரே மனைவியின் உடன்பிறந்தவர்களிலேயே இரண்டு வகையினரும் இருக்கும் இருபத்தாறு வீடுகளைக் கலாவதி தனியே பிரித்துக் காட்டினார். விளைவு மாறவில்லை. இப்படியே ஒன்றரை மணி நேரம் போனது. மஞ்சள் தாள்கள் ஒவ்வொன்றாக உரிந்து மேசையில் சேர்ந்தன.

கடைசித் தாள் இருந்த பக்கத்தைத் தனபாலன் திறக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

மனைவியின் உடன்பிறந்தவன் கையெழுத்துப் போடுகிறான் என்பதுதான் உங்கள் விதி. நல்லது. லோரி முதலாளியும் ஒருவருடைய உடன்பிறந்தவன்தானே? அவருக்கும் அக்கா தங்கைகள் இருப்பார்கள். அவர்களுடைய கணவர்களுக்கு இவர் போய்க் கையெழுத்துப் போட்டிருப்பார். வங்கி அதை இவர் கணக்கில்தான் ஏற்றும், இவர் வாங்கக்கூடிய கடன் அந்த அளவுக்குக் குறையும். எனவே உங்கள் விதி உண்மையானால், உடன்பிறந்த பெண்கள் கூடக்கூட முதலாளியின் கடன் குறைய வேண்டும். குறைகிறதா? இல்லையென்றால், நீங்கள் கண்டுபிடித்தது வேறு ஏதோ ஒன்று.

ஆய்வேட்டில் அது இல்லை. கலாவதிக்கு அது தோன்றியதே இல்லை. விமலாதேவி தன் கையிலிருந்த தாளை மடித்தார்.

“நான் அதைப் பார்க்கவில்லை,” என்றார் கலாவதி. பிறகு, “ஆனால் தரவு என்னிடம் இருக்கிறது,” என்றார்.

இருந்தது. முதல் கேள்வித்தாளில் நான்காவது கேள்வி: உடன்பிறந்த ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை? ஆண்களின் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, பெண்களின் எண்ணிக்கையைப் பயனில்லை என்று விட்டுவைத்திருந்தார். மடிக்கணினியைத் திறக்க அனுமதி கேட்டார். தேர்வுக்குழுத் தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் தந்தார்.

அந்தப் பத்து நிமிடத்தில் தவறான எண் வந்தால், நூற்றுத் தொண்ணூறு பக்கமும் அவர் கண் முன்னாலேயே விழுந்துவிடும். பார்க்கவில்லை என்பதோடு நிறுத்தியிருக்கலாம். பின்னர் திருத்தமாகச் செய்கிறேன் என்றிருக்கலாம். கலாவதி மடிக்கணினியைத் திரையோடு இணைத்தார். எல்லாரும் பார்க்கும்படி பெண்களின் எண்ணிக்கையைக் கணக்கில் சேர்த்தார். பொத்தானை அழுத்தினார்.

திரையில் எண்கள் வந்தன. ஓர் உடன்பிறந்த பெண்ணுக்குக் கடன் பங்கு ஆறு புள்ளி குறைந்தது. தற்செயல் என்று தள்ள முடியாத அளவுக்குத் தெளிவான ஆறு.

தனபாலன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். ஏழு லோரி வைத்திருந்தவரை நீக்கிவிட்டு ஓட்டச் சொன்னார். கலாவதி நீக்கினார். 6.4. சுங்கை பஞ்சாங் பக்கத்து ஆட்களை நீக்கச் சொன்னார். 6.1. மச்சான்களின் எண் பதினொன்றிலிருந்து அசையவில்லை. அவர் திரும்பி வந்து உட்கார்ந்து ஆய்வேட்டை மூடினார். அன்று முதன்முறையாகத் தமிழில் பேசினார்.

“இத வீட்ல பாத்துட்டுதான வந்தீங்க?”

“பாத்திருந்தா அட்டவணையாப் போட்டிருப்பேன் சார். இவ்வளவு நல்ல எண்ண யாராவது ஒளிச்சு வைப்பாங்களா?”

தனபாலன் வாய்விட்டுச் சிரித்தார்.

“எனக்கு நாலு தங்கச்சிம்மா. நாலு மாப்பிள்ளைக்கும் நான்தான் கேரன்டர். நாப்பத்தெட்டு வயசு வரைக்கும் வாடகை வீட்லதான் இருந்தேன். வீட்டு லோன் கேட்டுப் போன எடமெல்லாம் சிரிச்சு அனுப்புனானுங்க. ஏன்னு யாரும் ஆராய்ச்சி பண்ணல.”

தமிழ் தெரியாத தலைவர் என்னவென்று கேட்டார். தனபாலன் ஆங்கிலத்தில் விளக்கியதும் அவரும் சிரித்தார். பிறகு கலாவதியையும் விமலாதேவியையும் வெளியே காத்திருக்கச் சொன்னார்.

கதவு மூடியதும் விமலாதேவி சுவரில் சாய்ந்துகொண்டார்.

“பத்து நிமிசம் நான் மூச்சே விடேல்லை. எண் மாறி வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?”

“அதையும் திரையிலதான் பாத்திருப்பாங்க டாக்டர்.”

“உமக்குத் துணிச்சல் கூடிப்போச்சு,” என்றார் விமலாதேவி. குரலில் கண்டிப்பு இல்லை. கலாவதியின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். இருவரும் சத்தமாகச் சிரித்ததில் எதிர் அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

இருபது நிமிடம் கழித்து அழைத்தார்கள். சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி என்று தலைவர் படித்தார். குழுவின் முடிவு ஒருமனதானது என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று தனபாலன் கேட்டுக்கொண்டார், சேர்த்தார்கள். ஓரத்தில் பென்சிலால் எழுதிய உறுப்பினரும் அந்த மேசையில் இருந்தார். எழுந்து வந்து கை குலுக்கினார்.

திருத்தங்கள் ஏழு. அவற்றுள் ஒன்று, உடன்பிறந்த பெண்களைப் பற்றிய கணக்கை இருபதாம் அட்டவணையாகச் சேர்க்க வேண்டும் என்பது. கலாவதி பிப்ரவரி 5ஆம் தேதி திருத்திய பிரதியை ஒப்படைத்தார். ஏப்ரல் 3ஆம் தேதி நடந்த கூட்டத்தில் பல்கலைக்கழக செனட் அவருக்கு முனைவர் பட்டம் வழங்க ஒப்புதல் அளித்தது.